பெரட்டுக்களத்துக் குளிசை

குண்டசாலைக்கு மேலே இருந்த கல்லுமலைத் தோட்டத்தில் அந்த வருஷம் இரண்டு வியாதி வந்தது. கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் தூள் பூத்து, இலை பழுத்து உதிர்ந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்கள் வெளுத்துப்போய், ஏற்றத்தில் நாலடி வைப்பதற்குள் மூச்சு வாங்கினார்கள். இரண்டு வியாதிக்கும் வைத்தியர் ஒருவரே. அவர் தோட்டத்துத் துரை. சீமையிலிருந்து வந்த தலையணை மொத்தப் புத்தகம் ஒன்றைப் பார்த்து இலைக்குக் கந்தகமும் சுண்ணாம்பும் தூவச் சொன்னார். இலை முன்னைவிட வேகமாக உதிர்ந்தது. அதற்காக மனம் தளர்ந்துவிடுகிறவரா அவர்? இன்னொரு புத்தகத்தையும் மருந்துப் பெட்டியையும் திறந்துகொண்டு பெண்கள் பக்கம் திரும்பினார். கூலிகள் குடியிருந்த லயத்தில் அவரைப் புத்தகத் துரை என்றுதான் சொல்வார்கள்.

மூக்காயிக்கு அப்போது ஆறாம் மாதம். சோற்றைக் கண்டால் பிடிக்கவில்லை. ஆனால் அடுப்புக் கட்டியின் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித் தின்றாள். மாமியார் ராக்கம்மா முதலில் மறைவாகத் திட்டினாள், பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி திட்டினாள்.

"அடுப்புல பாதிய தின்னுபுட்டா. நாளைக்கு ஒலை வைக்க நான் இவ தலையத்தான் தேடணும்."

கணவன் இராமையா நல்லவன். அம்மா திட்டினால் அம்மா பக்கமும், பெண்டாட்டி அழுதால் பெண்டாட்டி பக்கமும் தலையாட்டுவான். அதற்கு மேல் அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை.

மூக்காயிக்கு மண் தின்பதைவிட வேறு ஒன்றுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது. போன கோப்பிப் பழக் காலத்தில் கீழ் லயத்துச் சுப்பம்மா பிரசவத்தில் செத்துப்போனாள். அவளும் இப்படித்தான் வெளுத்திருந்தாள். பிள்ளை பிறந்தபோது போன ரத்தத்தைத் தாங்க அவள் உடம்பில் மிச்சம் ரத்தம் இல்லை என்று மருத்துவச்சி சொன்னாள். பிணத்தைக் குளிப்பாட்டிய பெண்களில் மூக்காயியும் ஒருத்தி. சுப்பம்மாவின் உள்ளங்கை வெள்ளைத் துணி மாதிரி இருந்ததை அவள் பார்த்தாள். இப்போது தன் உள்ளங்கையும் அதே நிறம். அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது. அதை வெட்கப்படாமல் பக்கத்து அறை நல்லம்மாவிடம் சொன்னாள்.

"எனக்குச் சாகப் புடிக்கல நல்லம்மா. புள்ள மொகத்தப் பாக்காம போறதுக்கா இத்தன நாளு சொமக்கிறேன்?"

நல்லம்மா கல்யாணமாகிப் புதிதாக வந்தவள். அவள் மூக்காயியின் கூடையில் தன் கோப்பிப் பழத்தில் ஒரு பங்கைக் கொட்டினாள்.

துரையின் புத்தகம் வெளுத்த பெண்களுக்கு இரும்புக் குளிசை, அதாவது இரும்பு மாத்திரை, கொடு என்று சொன்னது. அந்த மட்டில் புத்தகம் சரிதான். குளிசையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று துரை நினைத்தார். அந்த மட்டில் துரையும் சரிதான். ஆகவே பெரட்டுக்களத்தில் வைத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. விடியற்காலையில் கொம்பு ஊதியதும் எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம் அது. பிள்ளைத்தாய்ச்சிகள் தனி வரிசை. ராஜலிங்கம் கங்காணி ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு குளிசை வைப்பார். அதை விழுங்க ஒரு சிரட்டை கோப்பி.

கோப்பி எதற்கு என்றால், அது துரையின் சொந்தக் கைச்சரக்கு. கோப்பியால் ஆகாத காரியம் உலகத்தில் கிடையாது என்பது அவருடைய மதம். குளிருக்குக் கோப்பி, காய்ச்சலுக்குக் கோப்பி, களைப்புக்குக் கோப்பி. இரும்போடு கோப்பியும் சேர்ந்தால் பெண்கள் ஆண்களைப்போல மூட்டை சுமப்பார்கள் என்று கணக்குப் போட்டார். கொழும்புக்கு அனுப்ப முடியாத கறுத்த கொட்டையும் உடைந்த கொட்டையும் இஸ்டோர்க் கிடங்கில் மலையாகக் கிடந்ததற்கும் இந்த வைத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நாமும் நம்புவோம்.

"குடி. நல்ல கோப்பி. நல்ல இரும்பு. நல்ல புள்ளை," என்பார் துரை. அவருக்குத் தெரிந்த தமிழில் இது நீளமான பேச்சு. பிறகு குதிரை ஏறிப் போய்விடுவார், மிச்சத்தைக் கங்காணி பார்த்துக்கொள்வார்.

மூக்காயி முதல் நாள் ஆசையோடுதான் விழுங்கினாள். பிழைக்க வேண்டும் என்ற ஆசை அது. குளிசை உள்ளே போன கையோடு வயிறு புரண்டது. வாயில் ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. வரிசை கலைவதற்குள் வேலியோரம் ஓடி எல்லாவற்றையும் கக்கினாள். மறுநாளும் அதே கதை. கக்காத நாளில் வயிற்றுக்குள் கல் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. நாள்கணக்கில் வெளிக்குப் போக முடியவில்லை. ஒருவழியாகப் போனபோது பார்த்தால் கரியைக் கரைத்த மாதிரிக் கறுப்பு. அவள் பயந்துபோய் அதை மாமியாரிடம் சொல்லித் தொலைத்தாள்.

ராக்கம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

"செய்வின. எவளோ கறுப்பு ஏவி விட்டுருக்கா. உள்ளுக்குள்ள பூந்து எரிச்சுக்கிட்டு இருக்கு."

கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்தான். வந்திருப்பது சுடலைப் பக்கத்துக் கறுப்புதான் என்றும் அதற்குக் கருங்கோழி கேட்கிறது என்றும் சொன்னான். ராக்கம்மா முட்டைக்காக வளர்த்த ஒரே கருங்கோழியை அறுத்தார்கள். ரத்தம் கறுப்புக்கு, கறியும் ஈரலும் கோடாங்கிக்கு, திருநீறு மூக்காயிக்கு என்று பங்கு நியாயமாகப் பிரிந்தது. கறுப்பு போகவில்லை. கோழிதான் போயிற்று.

அதற்குப் பிறகு மூக்காயி குளிசையைக் கன்னத்தில் ஒதுக்கி, களத்தைத் தாண்டியதும் துப்ப ஆரம்பித்தாள். குமட்டல் நின்றது. இரண்டு வாய் சோறு இறங்கியது. பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தாள். ஆனால் உள்ளங்கை இன்னும் வெளுத்தது, காதுக்குள் ஓயாமல் இரைந்தது. ஒருநாள் பழக்கூடையோடு இஸ்டோர் ஏற்றத்தில் வந்தவள் கண் இருட்டி அப்படியே சாய்ந்தாள். நல்லம்மா போட்ட சத்தத்தில் ஆட்கள் ஓடி வந்தார்கள். துப்பினால் சாவு, விழுங்கினால் சித்திரவதை. இதில் எதை எடுப்பது? கண் விழித்ததும் அவளுக்கு வந்த முதல் நினைப்பு அதுதான்.

துரை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விழுந்தவளுக்கு என்ன செய்வது என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கவில்லை போலும். கண்டிக்குக் கோப்பி ஏற்றிப் போகும் வண்டியில் அவளையும் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பச் சொன்னார். வண்டிக்காரர் ஹுஸைன் அக்குறணைப் பக்கத்து மனிதர். மூட்டைகளுக்கு மேல் வைக்கோல் பரப்பினார்.

"மெல்லப் படுத்துக்க புள்ள. கோப்பிக்கு நொந்தாலும் பரவாயில்ல, ஒனக்கு நோகப்படாது," என்றார் அவர்.

இராமையாவும் கூட வந்தான். வழிக்குக் குடிக்க ராக்கம்மா ஒரு போத்தல் நிறையக் கோப்பி ஊற்றிக் கொடுத்திருந்தாள். திட்டினாலும் மருமகள் மேல் அவளுக்கு அக்கறை இல்லாமல் இல்லை.

மகாவலி ஆற்றை ஓடத்தில் கடந்து கண்டி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரிய டாக்டர் இல்லை. மருந்து கலந்து கொடுக்கும் தனபாலர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்கார மிசனில் வைத்தியம் படித்தவர். மூக்காயியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார்.

"இரத்தம் இல்லை. தோட்டத்திலை மருந்து ஒண்டும் தரேல்லையோ?"

"குளிச குடுத்தாங்க சாமி," என்றான் இராமையா. "இரும்புக் குளிச. இவளுக்கு ஒத்துக்கல. கறுப்பாப் போவுது. அது செய்வினைன்னு..."

"இரும்பு திண்டால் கறுப்பாய்த்தான் போகும். அதுக்கு ஒருத்தரும் ஏவல் விடத் தேவையில்லை. அது பயப்பிடுற விசயம் இல்லை." அவர் மூக்காயியிடம் திரும்பினார். "நீ சொல்லு பிள்ளை. எப்ப விழுங்கினனி, எதோடை விழுங்கினனி?"

"விடியக்காலம், வெறும் வயித்துல. கோப்பியோட."

தனபாலர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "கோப்பியோடையோ? ஆர் சொன்னது?"

"தொரை."

"உங்கடை துரை வலு கெட்டிக்காரன்," என்றார் தனபாலர். பிறகு இராமையாவின் கையிலிருந்த போத்தலை வாங்கிக் கொஞ்சம் கோப்பியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினார். ஓர் இரும்புக் குளிசையை நசுக்கி அதில் போட்டுக் கலக்கினார். பழுப்பாக இருந்தது கன்னங்கரேல் என்று ஆயிற்று. அதில் பேனாவைத் தோய்த்து ஒரு தாளில் கோடு இழுத்துக் காட்டினார்.

"பாத்தியோ? மை. இவ்வளவு நாளும் நீ வயித்துக்குள்ளை மை காய்ச்சியிருக்கிறாய். இரும்பைக் கோப்பி பிடிச்சு வைச்சுக்கொள்ளும். இரத்தத்திலை சேர விடாது. வெறும் வயித்திலை விழுங்கினால் குமட்டாமல் என்ன செய்யும்?"

மூக்காயிக்கு அழுகை வந்தது. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தனை வாந்தியும், அத்தனை வலியும், ஒரே கோழியும் இந்த மைக்காகவா போயின?

"இனிக் கேள்," என்றார் தனபாலர். "குளிசையைப் பாதியாய் வெட்டு. மத்தியானம் சோறு திண்ட பிறகு பாதி, பின்னேரம் சோறு திண்ட பிறகு பாதி. தேசிக்காய்த் தண்ணியோடை, அதுதான் உங்கடை எலுமிச்சந் தண்ணியோடை, விழுங்கு, இரும்பு நல்லாய்ச் சேரும். அந்த நேரத்திலை கோப்பி தொடாதை. மலம் இறுகினால் தண்ணி நிறையக் குடி, கீரை, பழம் தின். முருங்கைக்கீரை தின். ஈரல் கிடைச்சால் விடாதை."

"ஈரலா?" என்றாள் மூக்காயி. கோடாங்கியின் தாடையில் வழிந்த எண்ணெய் அவளுக்கு நினைவு வந்தது. அவள் வாயில் வந்த வார்த்தையை ஆசுபத்திரி என்பதால் அடக்கிக்கொண்டாள்.

சில நாள் ஆசுபத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது ஹுஸைனிடம் ஈரல் எங்கே கிடைக்கும் என்று இராமையா கேட்டான். அவன் வாழ்க்கையில் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

"அதுக்கென்ன, எங்கட மச்சான்ட கடையில ஆட்டீரல் இரிக்கி. வண்டி வார நாளைக்கி நான் கொண்டு வாரன்," என்றார் ஹுஸைன்.

தோட்டத்துக்கு வந்ததும் இராமையா கங்காணியிடம் விஷயத்தைச் சொன்னான். ராஜலிங்கம் கங்காணி காதைப் பொத்திக்கொண்டார்.

"கோப்பி கூடாதுன்னு கோப்பித் தோட்டத்துத் தொரைகிட்டப் போயி நான் சொல்லணுமா? எனக்கு வேற சோலி இல்ல? பெரட்டுல அவ குடிக்கணும். குடிக்கிற மாதிரியாவது இருக்கணும்."

போதாதா? மூக்காயிக்கு வழி கிடைத்துவிட்டது. குளிசையை மடியில் முடிந்துகொண்டாள். சிரட்டையை உதட்டில் வைத்துத் தலையை நிமிர்த்தித் தொண்டையை அசைத்தாள். நல்லம்மா அவளை மறைத்துக்கொண்டு நிற்க, கோப்பியை வேலியோரக் கோப்பிச் செடிக்கே ஊற்றினாள். கங்காணிக்கு அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதோ முக்கியமான வேலை இருக்கும். மத்தியானம் சோறு தின்று, பாதிக் குளிசையை எலுமிச்சம்பழத் தண்ணியோடு விழுங்குவாள். லேசாக நெஞ்சைக் கரிக்கும். ஆனால் கக்கவில்லை. கறுப்பைப் பார்த்தும் பயப்படவில்லை. இறுகிய நாளில் கீரையும் தண்ணியுமாகச் சமாளித்தாள். ராக்கம்மா முணுமுணுத்துக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தாள், ஈரலை மிளகு போட்டு வதக்கினாள்.

"கோடாங்கி சொன்ன கறுப்புக்கு ஈரல்தான் புடிக்குது போல," என்றாள். தான் தோற்றதாக அவள் ஒப்புக்கொள்வது இந்த அளவில்தான்.

அடுப்பு மண்ணில் மூக்காயிக்கு ஆசை விட்டது. உள்ளங்கையில் நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு மழை நாள் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையத்தான் போயிற்று. மருத்துவச்சி வாயில் சாமி பேரெல்லாம் வந்தது. ஆனால் மூக்காயி தாங்கினாள். குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பார்த்துவிட்டேன் பார்த்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இதில் சந்தோஷப்பட்டவர்களில் துரைக்குத்தான் முதலிடம். தன் வைத்தியம் பலித்துவிட்டதே! இலை உதிர்ந்து தோட்டம் மொட்டையாகிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு ஒரு வெற்றி தேவையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் இரண்டு பேரை அழைத்தார். பெரட்டுக்களத்தில் மூக்காயியைக் குழந்தையோடு நிறுத்தி வைத்துக் காட்டினார். அவள் இமையை இழுத்துக் காட்டினார், குழந்தையின் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். விருந்தாளித் துரைமார் மாடு வாங்க வந்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் மூக்காயி பொறுத்துக்கொண்டிருப்பாள். வெற்றியின் ருசி கண்ட துரை அங்கேயே, விருந்தாளிகள் முன்னாலேயே, சட்டத்தைக் கடுமையாக்கினார். இனிப் பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு சிரட்டை கோப்பி. கங்காணியை நம்பாமல் துரையே முன்னால் நின்று, கடைசிச் சொட்டுவரை பார்ப்பார். வரிசையில் முதல் ஆளாக நின்றவள் நல்லம்மா. அவளுக்கு ஐந்தாம் மாதம். மூக்காயி சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். துரையின் மூக்குக்கு நேரே நின்றுகொண்டு எதை மறைப்பது, எங்கே ஊற்றுவது? மூக்காயி பிரசவத்துக்குப் படுத்திருந்த நாள்களில், மறைத்து நிற்க ஆளில்லாமல் அவள் விழுங்கியதெல்லாம் வேலியோரம் போயிருந்தது. அவள் உதடு வெளுத்திருந்தது. சிரட்டையை வெளுத்த கையில் பிடித்தபடி மூக்காயியைப் பார்த்தாள்.

மூக்காயி அந்தக் கையைப் பார்த்தாள். சுப்பம்மாவின் கையைக் குளிப்பாட்டியவள் அவள். இப்போது தன் உயிரையே சாட்சியாகக் காட்டி இந்தப் பெண்ணைக் கொல்லப் பார்க்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறந்தால் லயத்து அறை போகும், இராமையாவின் பேர் பெரட்டிலிருந்து போகும், பச்சைக் குழந்தையோடு தெருவில் நிற்கவேண்டி வரும். எல்லாம் தெரிந்துதான் இரண்டடி முன்னால் வைத்தாள். நல்லம்மாவின் கையிலிருந்த சிரட்டையைப் பிடுங்கித் துரையின் காலில் இருந்த சப்பாத்துக்குப் பக்கத்தில் தரையில் கவிழ்த்தாள்.

"தொரை! ஒங்க கோப்பியக் குடிச்சு நான் பொழைக்கல. கொட்டித்தான் பொழச்சேன்! குளிசய மத்தியானம் சோத்துக்குப் பொறகு, எலுமிச்சந் தண்ணியில முழுங்கினேன். இவளையும் சாகடிக்காதீங்க!"

துரையின் முகம் பழுத்த கோப்பிப் பழமாயிற்று. விருந்தாளிகளுக்கு முன்னால் ஒரு கூலிப் பெண் தன் சப்பாத்தில் கோப்பி தெறிக்க விட்டிருக்கிறாள்! என்ன சொல்லுகிறாள் என்று கங்காணியைப் பார்த்து உறுமினார். துரைக்குத் தமிழ் விளங்கும், ஆனால் கங்காணி பேசினால் மட்டும்தான் விளங்கும்.

ராஜலிங்கம் கங்காணி வியர்த்துப்போனார். இத்தனை மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர்தானே? மூக்காயி சொன்னதைச் சொன்னால் முதலில் உருளுவது அவர் தலை. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். நிதானமாக, கையைக் காலை ஆட்டி, துரைக்கு விளங்கும் தமிழில் சொன்னார்.

"தொரை, இது சாமி காரியம். மொதக் கோப்பி பூமாதேவிக்கு. பூமிக்கு ஊத்தணும். மருந்து மடியில கட்டணும். மத்தியானம் சோறு தின்னு, எலுமிச்சம்பழம் சாமிக்குக் காட்டி, அந்தத் தண்ணியில முழுங்கணும். அப்படிச் செஞ்சுதான் ஒங்க மருந்து இவளுக்குப் பலிச்சுச்சாம். ஒங்களக் கும்புடுறா தொரை."

துரையின் முகம் மலர்ந்தது. "பூமிக்கு?"

"பூமிக்கு, தொரை. எங்க சனத்து வழக்கம்."

"நல்ல வழக்கம்!" என்றார் துரை. விருந்தாளிகளிடம் திரும்பி நீளமாக ஏதோ பேசினார். இந்தச் சனங்களின் நம்பிக்கையை மதித்து வைத்தியம் செய்யத் தனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொண்டிருக்கலாம். அவர்களும் தொப்பியைத் தொட்டுப் பாராட்டினார்கள். பிறகு வரிசைக்குக் கட்டளை பிறந்தது. "எல்லாரும்! கோப்பி பூமிக்கு ஊத்து! மருந்து மத்தியானம்!"

பிள்ளைத்தாய்ச்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரட்டைகளைக் கவிழ்த்தார்கள்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மூக்காயி சொன்ன உண்மை இதுவா? கும்பிடுகிறாளாமே! நான் அப்படிச் சொல்லவில்லை என்று கத்த வாயைத் திறந்தாள். கங்காணி கண்ணால் கெஞ்சினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நல்லம்மா வெறும் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, குளிசையை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டிருந்தாள். மூக்காயி வாயை மூடிக்கொண்டாள். அவள் விழுங்கியதிலேயே கஷ்டமானது அதுதான்.

மத்தியானம் மலையில் மர நிழலில் எல்லோரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். நல்லம்மா சோறும் கீரையும் தின்றாள். மூக்காயி குளிசையைப் பாதியாக வெட்டிக் கொடுத்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். விழுங்கிவிட்டு நல்லம்மா கண்ணை மூடிக்கொண்டு, வரப்போகும் குமட்டலுக்காகக் காத்திருந்தாள். மூக்காயி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நல்லம்மா கண்ணைத் திறந்தாள்.

"அக்கா," என்றாள், "இன்னும் ஒரு வாய் சோறு இருக்கா?"